கூட்டுரோடும் பிரிவும் விலக்கும்
சாலைச் சொற்களில் வட்டார வழக்கு



மதுரையிலிருந்து வடக்கே புறப்படும் பேருந்தில் அமர்ந்திருப்பவர் தாம் செல்லும் சாலையைத் ‘திருச்சி ரோடு’ என்பார். திருச்சிராப்பள்ளியிலிருந்து தெற்கே வருபவர் அதே சாலையை ‘மதுரை ரோடு’ என்பார். இருவரும் கொட்டாம்பட்டிக்கு அருகிலோ விராலிமலைக்கு அருகிலோ எதிரெதிராகக் கடந்து செல்வர். சாலை ஒன்று, பெயர் இரண்டு. இருவர் கூற்றும் மெய்யே. நடுவழியில் உள்ள ஊரார்க்கோ இவ்விரு பெயர்களும் ஒருங்கே வேண்டும். வீட்டு வாயிலில் நின்று வடக்கே கைநீட்டினால் அது திருச்சி ரோடு; தெற்கே கைநீட்டினால் மதுரை ரோடு.

இஃது ஏதோ கவனக் குறைவால் நேர்ந்த குழப்பம் அன்று. தமிழர் சாலைக்குப் பெயரிடும் முறையே இது. சாலை என்பது தன்னளவில் ஒரு பொருளாக அவர்க்குத் தோன்றவில்லை. ஓர் ஊரை அடைவதற்குரிய வாயிலாகவே தோன்றியது. ஆகவே, ‘இச்சாலை யாது?’ என்னும் வினாவுக்கு, ‘இஃது எங்கே போகிறது?’ என்பதன் விடையையே அவர்கள் பெயராக வைத்தனர். கோயம்புத்தூர் நகரின் பெருஞ்சாலைகள் இதற்குத் தக்க சான்று. அவிநாசி சாலை, திருச்சி சாலை, பொள்ளாச்சி சாலை, மேட்டுப்பாளையம் சாலை, சத்தியமங்கலம் சாலை, பாலக்காட்டுச் சாலை என அவை யாவும் போய்ச் சேரும் ஊரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அந்நகரின் சாலைப் பெயர்களை மனப்பாடம் செய்த சிறுவன், கொங்கு நாட்டு நிலப்படத்தின் பாதியைக் கற்றவன் ஆகின்றான்.

இப்பொதுமுறைக்குள் வட்டாரந்தோறும் வேறுபாடுகள் உள்ளன. அவ்வேறுபாடுகள் எவை, அவை எவற்றைக் காட்டுகின்றன, அவற்றைக் காப்பது ஏன் இன்றியமையாதது என்பனவற்றைச் சுருங்க உரைத்தலே இவ்வுரையின் நோக்கம்.

பழந்தமிழர் காட்டிய வழி

வழியைக் குறிக்கப் பழந்தமிழில் வழங்கிய சொற்கள் பல. ஆறு, நெறி, வழி, அதர் என்பன ஊர்ப்புறத்து வழிகளைச் சுட்டின. தெரு, மறுகு, ஆவணம் என்பன ஊரகத்து வழிகளைச் சுட்டின. அவற்றுள்ளும் ஆவணம் கடைத்தெருவுக்கு உரியது. ஊருக்கு வெளியே உள்ளது ஒருவகைச் சொல்லாலும் ஊருக்கு உள்ளே உள்ளது பிறிதொருவகைச் சொல்லாலும் குறிக்கப்பட்டமை கருதத்தக்கது. ‘ரோட்டில் நிற்கிறான்’ என்பதற்கும் ‘தெருவில் நிற்கிறான்’ என்பதற்கும் இன்றைய பேச்சிலும் உள்ள பொருள் வேறுபாடு இப்பாகுபாட்டின் எச்சமே எனலாம்.

‘ஆறு’ என்பது நீரோடும் ஆற்றையும் குறிக்கும். மக்கள் நடக்கும் வழியையும் குறிக்கும். வழிப்படுத்துவதையே பொருளாகக் கொண்ட ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை இச்சொல்லின்மேல் எழுந்தது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. பரிசில் பெற்று வரும் கலைஞன், பெறாது வாடும் கலைஞனை எதிர்ப்பட்டு, ‘இவ்வழியே செல், இன்ன நிலம் வரும், இன்ன மக்கள் இருப்பர், இன்ன உணவு தருவர்’ என்று கூறுகின்றான். அவன் வாயில் சாலையின் பெயர் வருவதில்லை; ஊரின் பெயரும் நிலத்தின் அடையாளமுமே வருகின்றன. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர் ஊராகக் கைபிடித்து அழைத்துச் சென்று கிடங்கிலில் கொண்டு சேர்க்கின்றது. அக்கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியுள்ளது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் எண்ணற்ற ஊர்திகள் நாள்தோறும் அதனைக் கடந்தே செல்கின்றன.

சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிலும் இம்முறையே காணப்படுகின்றது. மதுரைக்கு வழி வினவிய கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் விடை கூறுகின்றான். கொடும்பாளூரை அடுத்து வழி மூன்றாகப் பிரியும் என்றும், அப்பிரிவு சிவபெருமான் ஏந்திய சூலத்தின் வடிவை ஒக்கும் என்றும் அவன் உரைக்கின்றான். வழிப்போக்கனுக்கு இடர் தரும் இடம் நேரே செல்லும் வழியன்று. வழி பிரியும் இடமே என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான். ஆகவேதான் அவ்விடத்தை மறவாதபடி ஓர் உருவத்தைச் சொல்லி மனத்தில் பதிக்கின்றான். பிரியும் இடத்திற்குத் தனிக்கவனம் தரும் இம்மரபு இன்றளவும் தமிழரின் சாலைச் சொற்களில் தொடர்கின்றது. அது பின்னர் விளக்கப்பெறும்.

கல் சொல்லும் செய்தி

இடைக்காலக் கல்வெட்டுகளில் பெருஞ்சாலைகளுக்குப் ‘பெருவழி’ என்னும் பெயர் வழங்குகின்றது. வடுகர் நாட்டுக்குச் செல்வது வடுகவழி. கொங்கு நாட்டுக்குச் செல்வது கொங்குப் பெருவழி. இவை செல்லுமிடத்தால் பெற்ற பெயர்கள். மன்னர் பெயரால் அமைந்தனவும் உண்டு. கோவைக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாயை நோக்கிய பகுதியில், சுண்டக்காமுத்தூருக்கு அண்மையில் பாறையொன்றில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்னும் பெயர் வட்டெழுத்திலும் தமிழ் எழுத்திலும் பொறிக்கப்பெற்றுள்ளது. அதனை ஆதித்த சோழன் காலத்தது என்பர். வட்டெழுத்து அறிந்தாரும் அவ்வழியே வருவர், தமிழ் எழுத்து அறிந்தாரும் வருவர் என்று எண்ணி இருவகை எழுத்திலும் பொறித்த அக்கால ஆட்சியாளரின் கருத்து பாராட்டுதற்குரியது.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் இதனினும் சிறந்த செய்தியைத் தருகின்றன. அவற்றுள் ஒன்று, அதியமான் பெருவழி என்று சாலையின் பெயரைக் கூறி, நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று தொலைவையும் கூறுகின்றது. இன்னொரு கல் 27 காதம் என்கின்றது. எழுத்தும் எண்ணும் மட்டும் அல்ல. பெரிய குழிகளாலும் சிறிய குழிகளாலும் அத்தொலைவு கல்லில் மீண்டும் காட்டப்பட்டுள்ளது. எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கனும் குழிகளைத் தடவி எண்ணித் தொலைவை அறிந்துகொள்ள இயலும்.

ஒரே கல்லில் மூன்று செய்திகள் அடங்கியிருப்பது நோக்கத்தக்கது. சாலையைப் பேணும் அரசின் பெயர் ஒன்று. சாலை சென்று சேரும் இடம் ஒன்று. கல்லாதாரும் அறியும் அடையாளம் ஒன்று. அரசின் சொல்லும் மக்களின் சொல்லும் அங்குப் பகைத்து நிற்கவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து நிற்கின்றன.

பிற்காலத்தே 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தமை நாடறிந்தது. தென்மாவட்டங்களில் பழைய சாலைப் பகுதிகள் சிலவற்றை ‘மங்கம்மா சாலை’ என்று மக்கள் இன்றும் குறிப்பிடுகின்றனர். ஆணை பிறப்பித்து நிலைபெற்ற பெயர் அன்று அது. நிழலுக்கு நன்றி சொல்லும் பெயர். ‘சாலை’ என்னும் சொல்லுக்கும் அறச்சாலை, கல்விச்சாலை என்பனவற்றில் உள்ளதுபோலக் கூடம் என்னும் பொருளும் உண்டு. மரங்கள் அணிவகுத்த வழி என்னும் பொருளும் உண்டு. தங்குமிடமும் நடக்குமிடமும் ஒரே சொல்லில் அடங்கியமை, வழிப்போக்கரைப் பேணிய நாட்டுக்குப் பொருத்தமானதே.

பிரியும் இடத்தின் பெயர்கள்

இனி இன்றைய வட்டார வழக்குக்கு வருவோர்க்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. பெருஞ்சாலையிலிருந்து ஓர் ஊருக்குச் செல்லும் கிளைச்சாலை தொடங்கும் இடம் தமிழகம் முழுவதும் ஒரே தோற்றம் உடையது. ஒரு பெயர்ப்பலகை, ஒரு தேநீர்க்கடை, ஒரு புளியமரம் அல்லது வேப்பமரம், பேருந்துக்குக் காத்திருக்கும் நால்வர். ஆயினும் அவ்விடத்தின் பெயர் நாட்டுக்கு நாடு மாறுகின்றது.

வடமாவட்டங்களில் அது ‘கூட்டுரோடு’. செங்கல்பட்டுக்குத் தெற்கே உள்ள படாளம் கூட்டுரோடு, சென்னைக்கு வடக்கே உள்ள தச்சூர் கூட்டுரோடு என்பன பலரும் அறிந்தவை. கொங்கு நாட்டில் அது ‘பிரிவு’. கோவையிலிருந்து திருச்சி சாலையில் செல்வோர் பாப்பம்பட்டிப் பிரிவைக் கடப்பர். மதுரைக்குத் தெற்கே, விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கங்களில் அது ‘விலக்கு’. ஊர்ப்பெயரோடு விலக்கு என்னும் சொல்லைச் சேர்த்து நடத்துநர் குரல் கொடுப்பதை அப்பகுதிப் பேருந்துகளில் ஓயாது கேட்கலாம். பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கங்களில் அது ‘கைகாட்டி’. பேராவூரணிப் பகுதியில் உள்ள ஆவணம் கைகாட்டி அதற்கு எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்தில் அது ‘சந்தி’. மருதனார்மடம் சந்தி என்பது அங்கு வழங்கும் பெயர்.

இச்சொற்களைப் பொருளோடு நிறுத்திப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. கூட்டு என்பது இணைதல். பிரிவு என்பது அதற்கு நேர்மாறு. விலக்கு என்பது நேர்வழியினின்று ஒதுங்குதல். கைகாட்டி என்பது வழிகாட்டும் பலகை. அப்பலகை இரு கைகளை நீட்டி நிற்கும் மனிதனைப்போல் தோன்றுவதால் எழுந்த பெயர். சந்தி என்பது கூடுதல். ஓரிடத்தையே ஒரு நாட்டார் வழிகள் சேரும் இடம் என்கின்றனர். ஒரு நாட்டார் வழிகள் பிரியும் இடம் என்கின்றனர். ஒரு நாட்டார் பெருவழியை விட்டு ஊர்ப்பக்கம் ஒதுங்கும் இடம் என்கின்றனர். ஒரு நாட்டார் அங்கு நிற்கும் பலகையையே பெயராக்கிவிட்டனர். கண்ட பொருள் ஒன்று. நின்ற இடம் வேறு. ஊரிலிருந்து நடந்து வருபவனுக்கு அது சாலையோடு கூடும் இடம். பேருந்திலிருந்து இறங்கி ஊருக்குப் போகிறவனுக்கு அது சாலையினின்று பிரியும் இடம். இரண்டும் மெய் என்பதை முன்னர்க் கண்ட மதுரை ரோடும் திருச்சி ரோடும் உணர்த்தியதுபோலவே இச்சொற்களும் உணர்த்துகின்றன.

ஒரு நாட்டுச் சொல் மற்றொரு நாட்டார்க்கு மயக்கம் தருவதும் உண்டு. ‘விலக்கு’ என்னும் பலகையை முதன்முதல் காணும் வடமாவட்டத்தார்க்கு மதுவிலக்கே நினைவுக்கு வரலாம். ‘சந்தி’ என்பது யாழ்ப்பாணத்தார்க்கு நாள்தோறும் வழங்கும் இயல்பான சொல். தமிழகத்தார் பலர்க்கோ அது முச்சந்தி, நாற்சந்தி என்னும் தொகைகளிலும், குடும்பப் பூசல் ‘சந்திக்கு வந்துவிட்டது’ என்னும் மரபுத்தொடரிலுமே பெரிதும் வாழ்கின்றது.

ஊருக்குள் நுழையும் வழிகள்

விலக்கிலோ பிரிவிலோ இறங்கியவர் ஊருக்குள் நுழைந்ததும் சொற்கள் மேலும் மாறுகின்றன. கொங்கு நாட்டில் தோட்டங்களுக்கு இடையே, இருபுறமும் கிளுவை முள்வேலி அடர்ந்து நிற்க, ஒரு வண்டி செல்லும் அகலத்தில் அமைந்த வழிக்கு ‘இட்டேரி’ என்று பெயர். ஒவ்வொரு உழவரும் தம் நிலத்தின் நடுவே வீடு கட்டி வாழும் நாட்டில், நிலத்துக்கும் நிலத்துக்கும் இடையே வேலியிட்ட வழி தேவைப்பட்டது. தேவை இருந்த இடத்தில் சொல் பிறந்தது. ஒரே இடத்தில் வீடுகள் நெருங்கி, வயல்கள் வெளியே பரந்து கிடக்கும் காவிரிச் சமவெளியில் அவ்வழியும் இல்லை, அச்சொல்லும் இல்லை. அங்கு வயலுக்குச் செல்ல வரப்பும் வாய்க்கால் கரையுமே வழி.

தென்பாண்டி நாட்டில் வீடுகள் நெருங்கிய ஊர்களில் இரு சுவர்களுக்கு இடையே ஆள் செல்லும் அளவில் அமைந்த சந்தினை ‘முடுக்கு’ என்பர். தெருவின் திருப்பம் ‘முக்கு’. ‘முக்குக் கடை’ என்றால் அங்கு எவர்க்கும் விளங்கும். யாழ்ப்பாணத்தில் பனையோலை வேலிகளுக்கு இடையே செல்லும் சிறுவழி ‘ஒழுங்கை’. வேலியும் குறுகிய வழியும் இட்டேரிக்கும் ஒழுங்கைக்கும் பொதுவானவை. முன்னது தோட்டங்களுக்கு நடுவே செல்வது. பின்னது வீட்டு வளவுகளுக்கு நடுவே செல்வது. இவ்வேறுபாட்டை அகராதி சொல்லாது. அங்கு நடந்தவரே சொல்வர்.

‘வீதி’ என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. மதுரையில் அது கோயிலைச் சூழ்ந்து அடுக்கடுக்காக அமைந்த சதுரங்களுக்குரியது. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்பன திங்கள்களின் பெயரால் அமைந்து, திருவிழா எங்கே உலா வரும் என்பதையும் காட்டுவன. நெல்லையில் அது தேர் ஓடும் ரத வீதி. கோவையிலோ கோயிலைச் சாராத தெருக்களுக்கும் வீதி என்பதே பொதுப்பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ‘ரூ’ என்றழைத்த தெருக்கள் தமிழில் வீதி ஆயின. முன்னர்த் துய்ப்ளே பெயரைத் தாங்கியிருந்த தெரு இன்று நேரு வீதி. யாழ்ப்பாணத்தில் நெடுந்தொலைவு செல்லும் பெருஞ்சாலையே வீதி. பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, காங்கேசன்துறை வீதி என்பன அவ்வாறு அமைந்தவை. தமிழகத்தில் ஊருக்குள் அடங்கிய சொல், கடல் கடந்த அளவில் ஊர்களை இணைக்கும் சொல்லாக நீண்டுவிட்டது. மலேசியத் தமிழரோ நாட்டு மொழியின் ‘ஜாலான்’ என்பதையே முகவரியில் எழுதுகின்றனர். சிங்கப்பூர்த் தமிழர் சிராங்கூன் சாலை என்று ‘சாலை’யைப் போற்றுகின்றனர்.

கண்டி வீதியும் யாழ் வீதியும்

இலங்கையின் வடபகுதி மக்களுக்குச் சாலைப்பெயர் வெறும் சொல்லாக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலைக்கு ஏ9 என்பது அரசு தந்த எண். யாழ்ப்பாணத்தில் அதன் பெயர் கண்டி வீதி. இடையில் உள்ள வவுனியா நகரில் அதே சாலையின் தென்பகுதி கண்டி வீதியாகவும் வடபகுதி யாழ் வீதியாகவும் முகவரிகளில் எழுதப்படுகின்றது. செல்லுமிடத்தால் பெயரிடும் தமிழ் மரபுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

போர்க்காலத்தில் அச்சாலை பல்லாண்டுகள் மூடிக் கிடந்தது. தரைவழி அடைபட்ட 1990களில் மக்கள் கிளாலியிலிருந்து படகேறி, இரவில் கடனீரேரியைக் கடந்தனர். அதனைக் ‘கிளாலிப் பாதை’ என்றனர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டையடுத்து ஏ9 திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின்னரே மறுபடி பொதுமக்களுக்குத் திறந்தது. இக்காலமெல்லாம் மக்கள் வாயில் வழங்கிய சொல் வீதி அன்று, பாதை. ‘பாதை திறந்தாச்சோ?’, ‘பாதை பூட்டியாச்சு’ என்பனவே வழக்கு. கண்டி வீதி என்பது செல்லும் ஊரைச் சொல்வது. பாதை என்பது செல்ல முடியுமா என்பதைச் சொல்வது. செல்வதே ஐயமாகிவிட்டபோது, சென்று சேரும் ஊரின் பெயர் பின்னே நின்றது. செல்லும் உரிமையின் பெயர் முன்னே வந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் துயரம் முழுவதையும் இவ்வொரு சொல்மாற்றம் தாங்கி நிற்கின்றது.

பெயரிடுவோரும் நடப்போரும்

அரசு சாலைக்குப் பெயரிடும்போது பெரியோரைப் போற்றுதல் அதன் நோக்கமாகின்றது. அது தகுந்த நோக்கமே. ஆயினும் நடப்போரின் நா பழைய வழியிலேயே செல்கின்றது. சென்னையில் அண்ணா சாலை என்று பெயர் மாறிப் பல்லாண்டுகள் ஆகியும் ‘மவுண்ட் ரோடு’ மறையவில்லை. ஆங்கிலப் பற்று என்று இதனைப் பழிப்பார் உளர். ஆராய்ந்து பார்த்தால் காரணம் வேறு என்பது விளங்கும். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் சாலை என்பதே அப்பெயரின் பொருள். சொல் ஆங்கிலம், பெயரிடும் முறையோ திருச்சி ரோட்டுக்கும் மதுரை ரோட்டுக்கும் உரிய அதே முறை. பெரியார் ஈ.வெ.ரா. சாலையைப் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்போரும், 2008இல் இராஜீவ் காந்தி சாலை எனப் பெயர் பெற்றதை ஓ.எம்.ஆர். என்போரும் அவ்வாறே செல்லுமிடத்தைப் பற்றி நிற்பவர்கள். ஓ.எம்.ஆர். என்னும் மூன்றெழுத்துக்குள் மாமல்லபுரம் மறைந்திருப்பதை அவர்களுள் பலர் மறந்திருக்கலாம்; பெயர் மறக்கவில்லை.

எண்ணின் நிலை இதனினும் மெலிந்தது. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை சென்ற தேசிய நெடுஞ்சாலைக்கு நெடுங்காலம் 7 என்பது எண்ணாக இருந்தது. 2010இல் நாடு முழுவதும் எண்கள் மாற்றப்பட்டபோது, சிறீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் சாலைக்குள் அதன் தென்பகுதி அடங்கியது. சேலத்திலிருந்து கோவை வழியாகக் கேரளம் சென்ற 47ஆம் எண் சாலையின் இப்பகுதி 544 ஆயிற்று. நெல்லைச் சீமை மக்களுக்கு இம்மாற்றத்தால் தடுமாற்றம் ஏதும் இல்லை. அவர்கள் 7 என்றும் சொன்னதில்லை. 44 என்றும் சொல்வதில்லை. அவர்களுக்கு அது ‘நாலுவழிச்சாலை’. தார் ரோடு, கப்பி ரோடு, மண் ரோடு என்று சாலையின் உடலைக் கண்டு பெயரிட்ட பழக்கத்தின் தொடர்ச்சி இது.

பெயரில் நடப்போரின் வாழ்வே அடங்கியிருந்த நிகழ்ச்சியும் உண்டு. 2018இல் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே 277 கிலோமீட்டர் நீளத்தில் புதிய விரைவுச்சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அரசு அதனைப் ‘பசுமைவழிச் சாலை’ என்றது. முன்பு சாலையே இல்லாத நிலத்தில் புதிதாக அமைப்பதைக் குறிக்கும் ஆங்கிலத் தொழிற்சொல், தமிழில் ‘பசுமை’ ஆகிவிட்டது. தம் வயலும் தென்னையும் கிணறும் அதற்காக அளக்கப்படுவதைக் கண்ட உழவர்க்கு அப்பெயர் நாவில் ஏறவில்லை. அவர்கள் ‘எட்டுவழிச்சாலை’ என்றனர். எத்தனை அகலம் நிலம் போகும் என்பதை அப்பெயர் சொன்னது. 2019 ஏப்ரலில் நில எடுப்பு அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கின் போக்கு எவ்வாறாயினும், நாட்டின் நினைவில் நிலைத்த பெயர் உழவர் வைத்ததே.

உயிர் காக்கும் சொல்

இச்சொற்களைத் தொகுப்பது மொழி ஆராய்ச்சியாளரின் பொழுதுபோக்கு என்று எவரேனும் கருதினால் அது பிழையாகும். 2008 முதல் தமிழகத்தில் 108 அவசர ஊர்திச் சேவை நடைபெற்று வருகின்றது. மாநிலத்தின் எம்மூலையிலிருந்து அழைத்தாலும் சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் குரல் கேட்கும். நள்ளிரவில் தென்மாவட்டச் சாலையொன்றில் இருசக்கர ஊர்தி கவிழ்ந்து, அடிபட்டவர் கிடக்க, வழியே வந்த முதியவர் ஒருவர் அழைக்கின்றார் என்று கொள்ளலாம். சாலையின் எண் அவர்க்குத் தெரியாது. ‘விலக்குல கெடக்காரு’ என்பார். கேட்பவர் கூட்டுரோடு என்று சொல்லும் நாட்டில் பிறந்தவராயின், அது ஊரின் பெயரா, இடத்தின் வகையா என்று வினவ நேரும். அவ்வினாவுக்கும் விடைக்கும் ஆகும் நேரம் குருதி ஒழுகும் நேரம். இருப்பிடம் காட்டும் கைப்பேசிகள் பெருகிவிட்ட இக்காலத்தும், அலைவரிசை எட்டாத இடத்திலும் எளிய கைப்பேசி வைத்திருப்பவர் கையிலும் சொல் ஒன்றே துணை.

இஃது ஒருபுறம் இருக்க, இச்சொற்கள் சுட்டும் இடங்களே மாறி வருகின்றன. நான்கு வழிச்சாலைகள் ஊர்களைத் தவிர்த்துப் புறவழியே செல்கின்றன. நடுவில் தடுப்பு எழுகின்றது. பழைய விலக்கின் மேல் மேம்பாலம் செல்கின்றது. தேநீர்க்கடை அணுகுசாலைக்கு இறங்கிவிட்டது. தொலைதூரப் பேருந்துகள் பல அங்கு நிற்பதில்லை. நிற்காத இடத்தின் பெயரை நடத்துநர் சொல்வதில்லை. சொல்லாத பெயரை அடுத்த தலைமுறை கேட்பதில்லை. பெரும்பலகையில் நெடுந்தொலைவு நகரங்களின் பெயர்கள் பெரிதாக ஒளிர்கின்றன. அருகில் உள்ள ஊரின் விலக்கு மட்டும் இருளில் நிற்கின்றது. அவ்வூர்ப் பெண் இரவில் பேருந்து ஏறும்போது, ‘அங்கு நிற்காது’ என்னும் விடையையே முதலில் கேட்கின்றாள்.

நிறைவாக

செய்யத்தக்கது அரிதன்று. அதியமான் பெருவழிக் கல் அதற்கு வழிகாட்டி நிற்கின்றது. அரசு சூட்டிய பெயரும் எண்ணும் பலகையின் மேலே இருக்கட்டும். அதன் கீழே, அவ்வட்டாரத்து மக்கள் அவ்விடத்தை எவ்வாறு அழைக்கின்றனரோ அச்சொல் இருக்கட்டும். விலக்கு என்பாரிடத்து விலக்கு என்றும், பிரிவு என்பாரிடத்துப் பிரிவு என்றும், கூட்டுரோடு என்பாரிடத்துக் கூட்டுரோடு என்றும் எழுதப்படட்டும். அவற்றை ஒரே சொல்லாக மாற்றித் தரப்படுத்த முனைவது, தெரிந்த இடத்தைத் தெரியாத இடமாக்குவதில் முடியும். அவசர அழைப்பை ஏற்போர்க்கு இவ்வட்டாரச் சொற்களின் சிறு பட்டியல் பயிற்சியிலேயே கிடைக்கட்டும்.

தமிழ்த்துறைகளுக்கும் ஊர்தோறும் உள்ள இலக்கிய வட்டங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பேருந்து நடத்துநர், மாட்டுவண்டி ஓட்டிய முதியவர், அஞ்சல்காரர், சாலைப் பணியாளர் ஆகியோரிடமிருந்து ஒரு வட்டத்தின் சாலைச் சொற்களை ஒரு கோடை விடுமுறையில் தொகுத்துவிடலாம். சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல், சத்திரம், சுங்கம் என நிறுத்தங்களின் பெயராக மட்டும் எஞ்சியுள்ளனவற்றின் வரலாறும் அப்போது வெளிப்படும். பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் பதினோராம் ஆண்டின் பணியாக இதனை மேற்கொள்ளுமாயின் அது பொருத்தமாக இருக்கும்.

அன்று பாணனுக்கு வழி சொன்ன பாணன் அவனைப் பசியிலிருந்து காத்தான். கோவலனுக்கு வழி சொன்ன மறையோன் வழி பிரியும் இடத்தை மறவாதபடி சொன்னான். வழி சொல்லுதல் தமிழில் இலக்கியமாகவே வளர்ந்த அறம். தேநீர்க்கடை வாயிலில் நின்று, ‘நேரே போங்க, ரெண்டாவது விலக்குல இறங்குங்க’ என்று சொல்லும் எளியவர் இன்றைக்கும் அவ்வறத்தைச் செய்துவருகின்றார். அவர் சொல்லும் சொல் பலகையிலும் இருந்தால், கேட்டவர் வழி தவறமாட்டார்.